ஆங்கில உபாத்தியாயர் பிளேஸ்

ஆங்கிலம் கற்பித்தே ஒருவர் வாழ்நாளைக் கழிக்க முடியுமா என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வங்கியிலும் கம்பெனியிலும் அதே ஆங்கிலத்துக்கு அதிக சம்பளம் கிடைக்கும்போது வகுப்பறைக்குப் போவானேன் என்பது அவர்கள் வாதம். வாதம் நியாயமானதே, ஆனால் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் ஆங்கிலம் அறிந்தவனைக் கச்சேரியும் புகையிரதப் பகுதியும் தேயிலைத் தோட்டத்துக் காரியாலயமும் அழைத்துக்கொண்டிருந்தன. அக்காலத்தில் கண்டியில் ஒருவர் பள்ளிக்கூடத்தையே தெரிந்துகொண்டார்.

அவர் பெயர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ். 1861ஆம் ஆண்டு கண்டியில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். அந்நாளில் இலங்கையில் சர்வகலாசாலை கிடையாது. ஆதலால் கல்கத்தா சர்வகலாசாலையின் பட்டத்தைப் பெற்றார். லாகூரிலும் சிலகாலம் கற்பித்தார். பின்னர் ஊர் திரும்பி, 1891 மே 4ஆம் திகதி, பெவிலியன் வீதியில் ஒரு வீட்டிலே ஆண்கள் உயர்தரப் பாடசாலையைத் தொடங்கினார். அன்று வந்து சேர்ந்த மாணாக்கர் பதினொருவர்!

பாடசாலைப் பிள்ளைகளுக்கு றக்பி ஆட்டத்தை இலங்கையில் முதன்முதல் பழக்கியவரும் அவரே. அதுவும் அதே ஆண்டில். 1906இல் நடந்த முதலாவது பாடசாலைப் போட்டியில் அவருடைய மாணாக்கர் திரித்துவக் கல்லூரியை எதிர்த்து ஆடினர். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இன்று கண்டியில் றக்பியைப் பற்றி வாதாடாத தேநீர்க்கடை உண்டோ?

பாடசாலையை அவர் பின்னர் வெஸ்லியன் மிஷனிடம் ஒப்படைத்தார். அது கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது; ஜோன் வெஸ்லி இங்கிலாந்தில் நிறுவிய பாடசாலையின் பெயர் அது. தாம் கட்டியதைப் பிறர் கையில் கொடுக்க எளிதில் மனம் வருமா? தனியொருவரின் உடைமையாகவே இருந்திருந்தால் பாடசாலை அவரோடு முடிந்திருக்கவும் கூடும் என்பது என் எண்ணம். பிளேஸ் 1923 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், அதிபராக இருந்தார். ஆங்கிலத்திலே கவிதை புனைந்தார். பிள்ளைகள் தம் நாட்டின் கதையை அறியும்படி இலங்கைச் சரித்திரமும் எழுதினார். ஆங்கில ஆசிரியர் ஒருவர் செய்த காரியங்களுள் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1951இல் காலமானார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அக்காலத்து ஆங்கிலக் கல்வி பணம் கட்டக்கூடியவர்களின் சொத்து. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது எட்டாக்கனி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலேதான்.

இன்று லயத்துப் பிள்ளையும் ஆங்கில ஆசிரியராகலாம். உயர்தரப் பரீட்சையில் தேறித் தேசிய கல்வியியற் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாண்டுப் பயிற்சி. அதில் கடைசி ஆண்டு பாடசாலையிலேயே கழியும். மலையகத்திலேயே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்று பட்டதாரியாகவும் வரலாம். 1994இல் அமைக்கப்பட்ட இலங்கை ஆசிரியர் சேவையில் தரம் தரமாக உயர்வு உண்டு. பட்டப்பின் கல்வி டிப்ளோமா உண்டு. போட்டிப் பரீட்சை எழுதி அதிபர் சேவைக்கும் போகலாம். சம்பளம் மெல்லத்தான் ஏறும். மாலையில் டியூஷன் வகுப்பு நடத்தாத ஆங்கில ஆசிரியரைக் காண்பது அரிது என்பதும் இதனால்தான்.

முதல் நியமனம் பெரும்பாலும் பஸ் நின்றுவிடும் இடத்துக்கும் அப்பால் அமையும். நகரத்துப் பிள்ளைகள் உடனே இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆங்கிலப் பாடவேளையில் ஆசிரியரின்றி இருக்கும் வகுப்புகள் அந்த மலைச்சரிவுகளில்தான் அதிகம்.