பையைத் திறந்து காட்டச் சொன்னால் மறுக்கலாமா?

பள்ளி விடுமுறை வந்தாச்சு. மார்சிலிங்கில் இருக்கும் நண்பர்கள் கூட்டம் ஒன்று கேளிக்கைப் பூங்காவுக்குப் போக முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி இருக்கு.

தெற்கே போனால் எம்ஆர்டி ஏறி, டோபி காட்டில் மாறி, ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்கி, செந்தோசாவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ்.

வடக்கே போனால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, ஜொகூர் கடற்பாலம், அப்புறம் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட் மலேசியா.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: "பையைத் திறங்க, ப்ளீஸ்."

கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அந்த வாக்கியத்தின் பொருள் மாறும். பூங்கா வாசலில் அது ஒரு நிபந்தனை. சோதனைச்சாவடியில் அது சட்டம். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் சிலர் வாக்குவாதம் செய்யத் தேவையில்லாத இடத்தில் வாக்குவாதம் செய்கிறார்கள். சிலர் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் பயந்து நிற்கிறார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூங்கா வாசலில் என்ன நடக்கிறது?

கேளிக்கைப் பூங்கா தனியார் இடம். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அதன் நிபந்தனைகளுக்கு நீங்கள் சம்மதம் சொல்லிவிடுகிறீர்கள். இணையத்தில் வாங்கும்போது படிக்காமலேயே 'சரி' என்று தட்டுவோமே, அந்த நீளமான பக்கத்தில்தான் அது இருக்கும். பைச் சோதனையும் பொதுவாக அந்த நிபந்தனைகளில் ஒன்று.

பூங்காவில் பாதுகாவல் அதிகாரியாக வேலை செய்பவர் உரிமம் பெற்ற தனியார் ஊழியர். அவருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. உங்கள் சம்மதம் இல்லாமல் பைக்குள் கைவிட முடியாது. உங்கள் கைப்பேசியைத் திறந்து படங்களைப் பார்க்கவும் அவருக்கு உரிமை இல்லை.

அப்படியானால் மறுக்கலாமா? மறுக்கலாம். ஆனால் உங்களை உள்ளே விடாமல் இருக்கவும் பூங்காவுக்கு உரிமை உண்டு. சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் அதே நிபந்தனைப் பக்கத்தைப் பொறுத்தது.

அங்கே தேடப்படும் பொருள்கள் இரண்டு வகை. கத்தி, ஆயுதம் போல் தோன்றும் விளையாட்டுப் பொருள், தீப்பற்றக்கூடியவை, கண்ணாடிப் போத்தல் போன்றவை முதல் வகை. இது பாதுகாப்புக்காக. வெளியிலிருந்து கொண்டுவரும் உணவு இரண்டாம் வகை. இதற்கும் பயங்கரவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை, இது வியாபாரம். பூங்காவுக்குள் உணவகங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு வாசலில் நிறுத்தப்பட்டால், 'நம்மைச் சந்தேகப்படுகிறார்கள்' என்று நினைக்க வேண்டாம். அது கடை விதி. குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு ஆகியவற்றுக்குப் பூங்காக்கள் பொதுவாக விலக்கு தருகின்றன. போகும் முன் பூங்காவின் இணையப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எம்ஆர்டி நிலையத்தில்?

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து சில எம்ஆர்டி நிலையங்களில் பயணிகளையும் பைகளையும் சோதிக்கும் முறை நடப்புக்கு வந்தது. உலோகம் கண்டறியும் கருவி, ஊடுகதிர் இயந்திரம் இரண்டும் பயன்படுத்தப்படுகின்றன. எல்லா நாளும் இருக்காது, எல்லாரையும் நிறுத்தவும் மாட்டார்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகும் நிலையத்தில் ஒவ்வொரு பையையும் திறந்தால் ரயில் காலியாகத்தான் போகும்.

இங்கே மறுத்தால் உங்களை நிலையத்துக்குள் விடாமல் இருக்கலாம்.

பெரிய நிகழ்ச்சிகள் இன்னொரு வகை. தேசிய தின அணிவகுப்பு போன்றவற்றைப் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் சிறப்பு நிகழ்ச்சியாக அறிவிக்கும்போது, வாசல் சோதனைக்குச் சட்டத்தின் பலமும் கிடைத்துவிடுகிறது.

சோதனைச்சாவடியில் கதையே வேற

மார்சிலிங்வாசிகளுக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி பக்கத்து வீடு மாதிரி. ஜொகூருக்குச் சாப்பிடப் போவது, முடி வெட்டப் போவது எல்லாம் சாதாரணம். அதனாலேயே அது நாட்டின் எல்லை என்பது சில சமயம் மறந்துபோகும்.

குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணைய அதிகாரி பையைத் திறக்கச் சொன்னால் மறுக்க முடியாது. வாகனத்தையும் சோதிக்கலாம், உங்களையும் சோதிக்கலாம். 'வேண்டாம், நான் வீட்டுக்கே போய்விடுகிறேன்' என்ற வழி இங்கே இல்லை. திரும்பி வரும்போது நீங்கள் நுழையப் பார்ப்பதே வீட்டுக்குத்தானே!

2024 மார்ச் 19 முதல் கார்களில் செல்வோர் கடவுச்சீட்டை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டியே உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளைக் கடக்க முடிகிறது. வேகம் கூடியிருக்கிறது. அதற்காகக் கடவுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது இல்லாமல் இன்னொரு நாட்டுக்குள் போக முடியாது.

லெகோலேண்ட் போய்வரும் பையில் எவை பிரச்சினையாகலாம்?

• மின்சிகரெட்: வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து, முதல்முறை பிடிபடும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு 500 வெள்ளி, மற்றவர்களுக்கு 700 வெள்ளி அபராதம். எட்டோமிடேட் கலந்த 'கேபாட்' என்றால் அது போதைப்பொருளாகவே கருதப்படும். அதை நாட்டுக்குள் கொண்டுவருவோருக்குச் சிறையும் பிரம்படியும் உண்டு.

• சூயிங்கம்: 1992 முதல் தடை.

• வாயில் மெல்லும் புகையிலை: தாத்தாவுக்கு, மாமாவுக்கு என்று யாராவது பொட்டலம் கொடுத்துவிட்டால் வாங்காதீர்கள். தடை செய்யப்பட்ட பொருள்.

• பட்டாசு: தீபாவளி நேரத்தில் ஜொகூர்க் கடைகளில் பார்த்ததும் கை பரபரக்கும். வேண்டாம்.

• துப்பாக்கி வடிவத் தீமூட்டி: 'சும்மா ஷோவுக்கு' என்றாலும் தடைதான்.

• சிகரெட்: தீர்வைச் சலுகை ஒரு குச்சிக்குக்கூட இல்லை. 21 வயதாகாதவர்கள் வைத்திருப்பதே குற்றம்.

• மதுபானம்: மலேசியாவிலிருந்து வருவோருக்குத் தீர்வைச் சலுகை இல்லை.

வாங்கிய பொருள்களுக்கும் கணக்கு உண்டு. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரையிலான பொருள்களுக்குத்தான் பொருள், சேவை வரி விலக்கு. 160 வெள்ளிக்கு லெகோ பெட்டி வாங்கினீர்கள் என்றால், மிச்சமுள்ள 60 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 5 வெள்ளி 40 காசு கட்ட வேண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தெரிவிக்காமல் விட்டால் அது குற்றம். வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இங்கே இருப்போருக்கு அந்த 100 வெள்ளிச் சலுகையும் கிடையாது.

இதெல்லாம் தேவைதானா?

நியாயமான கேள்வி. 'இங்கே என்ன நடந்துடப் போகுது?' என்று தோன்றும்.

2016 ஆகஸ்ட்டில், பாத்தாமிலிருந்து மரினா பேயை நோக்கி ராக்கெட் பாய்ச்சத் திட்டமிட்டதாக ஒரு குழுவை இந்தோனேசியப் போலீஸ் கைது செய்தது. அடுத்த மாதமே 'எஸ்ஜி செக்கியூர்' இயக்கம் இங்கே தொடங்கப்பட்டது.

இன்னும் பக்கத்தில் ஒன்று. 2020 டிசம்பரில் 16 வயது மாணவர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டார். அவர் தாக்கத் திட்டமிட்ட இரண்டு பள்ளிவாசல்களில் ஒன்று உட்லண்ட்ஸில் இருக்கும் யூசோஃப் இஷாக் பள்ளிவாசல். மார்சிலிங்கிலிருந்து சில எம்ஆர்டி நிறுத்தம்தான். அவர் பயன்படுத்த நினைத்தது வெட்டுக்கத்தி, ஒரு பையில் அடங்கும் பொருள்.

வெளிநாடுகளிலும் சோதனைகள் இப்படித்தான் கூடின. அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களின் பைச் சோதனை 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்தது. 2015 டிசம்பரில் உலோகம் கண்டறியும் கருவிகளும் சேர்ந்தன. இந்தியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பெரிய கடைத்தொகுதிகளில் ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை வைத்துச் சோதிப்பார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அது கடுமையானது.

ஆனால் சோதனைக்கும் எல்லை உண்டு. 2017 மே 22ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் மாண்டனர். தாக்கியவர் வாசல் சோதனையைக் கடக்கவே இல்லை. இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறும் கூடத்தில் காத்திருந்தார். வாசலில் மேசை போட்டுப் பைகளைத் திறந்தால் மட்டும் போதாது. சுற்றியுள்ள இடத்தையும் கவனிக்க வேண்டும். நீண்ட வரிசையே ஆபத்தாகலாம் என்பதால், அதைச் சீக்கிரம் நகர்த்துவதும் பாதுகாப்புதான். பையைத் தயாராகத் திறந்து வைத்திருக்கச் சொல்வதன் காரணம் இப்போது புரிகிறதா?

முகத்தைப் பார்த்தா நிறுத்துறாங்க?

இளையர் பலர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. 'நாலு பேர் போனோம், என்னை மட்டும் ஏன்?'

மேலே சொன்ன 16 வயது மாணவரைப் பற்றி அதிகாரிகள் வெளியிட்ட விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் இந்திய வம்சாவளி, புராட்டஸ்டன்ட் கிறிஸ்துவர், முன்பு தடுத்துவைக்கப்பட்ட எந்த வழக்கின் 'முகத்துக்கும்' பொருந்தாதவர். தோற்றத்தை வைத்துத் தேடுகிறவர்கள் அவரைத் தவறவிட்டிருப்பார்கள். அதனால், முகம் பார்த்துச் சோதிப்பது அநியாயம் மட்டுமல்ல, பயனில்லாத வேலையும்கூட. இத்தனை பேருக்கு ஒருவர் என்று எண்ணி நிறுத்துவது, நடவடிக்கையைக் கவனித்து நிறுத்துவது ஆகியவைதான் பலன் தரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மான்செஸ்டரில் 18 வயதுப் பாதுகாவலர் ஒருவர் அந்த ஆடவரைக் கவனித்திருந்தார். இனவாதி என்று சொல்லிவிடுவார்களோ என்று தயங்கியதாகப் பிறகு விசாரணையில் கூறினார். தோற்றத்தைப் பார்க்காமல் நடவடிக்கையைப் பார்க்கப் பயிற்சி கொடுத்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடம் குறைந்திருக்கும்.

உங்களை அநியாயமாக நிறுத்தினார்கள் என்று தோன்றினால் அங்கேயே சத்தம் போட வேண்டாம். நேரம், இடம், பெயர்ப்பட்டையில் உள்ள விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பூங்கா நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பாதுகாவல் அதிகாரியைத் திட்டுவதோ தாக்குவதோ தனிக் குற்றம். தனியார் பாதுகாவல் துறைச் சட்டத்தில் 2021இல் அதற்கென்றே திருத்தம் கொண்டுவந்தார்கள்.

மார்சிலிங் கொடுக்கும் விலை

சோதனை என்பது ஒரு நிமிட அசௌகரியம் என்றுதான் நாம் நினைக்கிறோம். மார்சிலிங்கில் சிலருக்கு அது வீட்டையே மாற்றிய விஷயம்.

2022 மே மாதம், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை விரிவாக்குவதற்காக மார்சிலிங் கிரசெண்ட், மார்சிலிங் லேனில் உள்ள புளோக் 210 முதல் 218 வரையிலான ஒன்பது வீவக புளோக்குகள் எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மொத்தம் 732 வீடுகள். அங்கே இருந்தவர்களுக்கு இழப்பீடும் மாற்று வீடு வாங்கும் வாய்ப்பும் தரப்பட்டன. இருந்தாலும், பல ஆண்டு பழகிய அக்கம்பக்கம் மாற்று வீட்டோடு சேர்ந்து கிடைப்பதில்லை.

விரிவாக்கம் முடியும்போது சோதனைச்சாவடி இப்போதைப்போல் ஐந்து மடங்கு பெரிதாகும். அதோடு, உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே ரயில் சேவை வருகிறது. பயண நேரம் சுமார் ஐந்து நிமிடம். மணிக்கு ஒவ்வொரு திசையிலும் 10,000 பேர் வரை போகலாம். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் புறப்படும் இடத்திலேயே முடித்துவிடலாம். ஒரு பயணத்துக்கு இரண்டு கட்டடத்தில் வரிசை நிற்கும் வேலை இருக்காது.

அடுத்த முறை கிளம்பும் முன்...

1. பையைக் காலி செய்து மறுபடி அடுக்குங்கள். போன வாரம் கைவேலை வகுப்புக்கு எடுத்துப்போன வெட்டுக்கத்தி அடியில் கிடக்கலாம்.

2. மருந்து, இன்சுலின் ஊசி இருந்தால் மருத்துவர் சீட்டோடு ஒரே இடத்தில் வையுங்கள்.

3. உடல் சோதனை என்றால், உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவரே செய்யட்டும் என்று கேளுங்கள். மறைவான இடத்தில் செய்யும்படியும் கேட்கலாம்.

4. பிறர் கொடுத்த பொட்டலத்தை 'பாவம், கேட்டுட்டாங்க' என்று எல்லை தாண்டி எடுத்து வராதீர்கள். உங்கள் பையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

5. பாட்டி, தாத்தா கூட வந்தால் வரிசையில் அவர்களுக்கு முன்னால் நீங்கள் நில்லுங்கள். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பதை நீங்கள் தமிழில் சொல்லிவிட்டால், சுருக்குப்பையை ஏன் திறக்கச் சொல்கிறார்கள் என்று அவர்கள் பதற வேண்டியிருக்காது.