திறந்த அறைக்கு மட்டும் போகும் வாயு

வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றைக் கெடுப்பது. அதே வாயுவைத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத் திணறிக் கிடப்பவருக்கு மருந்தாகவும் தருகிறார்கள். அளவுதான் வேறு: பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு, பல சமயம் அதைவிடக் குறைவு.

கடும் நிமோனியாவிலும், ரத்தத்தில் கிருமி பரவும்போதும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 1967-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நிலையை ஏஆர்டிஎஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் ஒரே வெள்ளையாகத் தெரிவதால், முழுதும் கெட்டுவிட்டதென்றே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். 1980-களில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனியும் உடனிருந்தவர்களும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. மல்லாந்து படுத்தவரின் மார்புப் பக்கம் கறுப்பு, அதாவது காற்று. முதுகுப் பக்கம் வெள்ளை. அங்கே அமுங்கி மூடிய காற்றறைகள். காற்று போகும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே மிஞ்சியிருந்ததால் அதற்கு ‘பேபி லங்’ என்று பெயர் வந்தது.

மூடிய அறைகளைச் சுற்றியும் ரத்தம் ஓடுகிறது. ஆனால் ஆக்சிஜன் ஏறாமலே திரும்புகிறது. ரத்தக் குழாயை விரிக்கும் மருந்தை ஊசியில் போட்டால் மூடிய அறையருகிலும் குழாய் விரியும், வீணோட்டம் கூடும். மூச்சோடு போகும் நைட்ரிக் ஆக்சைடோ காற்று நுழையும் அறையை மட்டுமே எட்டும். அங்குள்ள குழாய்கள் விரிய, ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும். ரத்தத்தில் கலந்ததும் ஹீமோகுளோபின் அதை நொடிகளில் பிடித்து முடக்கிவிடுவதால், உடம்பின் மற்ற இடங்களில் ரத்த அழுத்தம் இறங்குவதில்லை.

1993-இல் பெர்லின் மருத்துவர்கள் இந்தப் பலனை ஏஆர்டிஎஸ் நோயாளிகளிடம் காட்டினார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில் ஆக்சிஜன் சில நாள் ஏறியது, சாவு குறையவில்லை. சிறுநீரகம் பழுதாகும் அபாயமும் தெரிந்தது. நுரையீரல் ரத்த அழுத்தம் கூடிப் பிறக்கும் சிசுக்களுக்குத்தான் இது உறுதியாகக் கைகொடுத்தது; 1999-இல் அமெரிக்கா அனுமதி தந்ததும் அதற்கே.

பெரியவர்களைக் காப்பாற்றியது, ஸ்கேன் காட்டிய இன்னொரு வழி. குப்புறப் படுக்கவைத்தால் முதுகுப்புறத்து அறைகள் திறக்கின்றன. 2013-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், தினமும் 16 மணி நேரமாவது அப்படிப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர்; மல்லாந்தே இருந்தவர்களில் 33 பேர்.

உங்கள் வீட்டவர் வென்டிலேட்டருடன் குப்புறக் கிடந்தால் பதறாதீர்கள். முதுகுப்புறத்து அறைகளில் அப்போது காற்று ஏறிக்கொண்டிருக்கும்.