கணிப்பொறிக்குத் தமிழில் கணக்குச் சொல்வோம்



குருசுக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு நாற்பது ஆண்டுகளாக மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறேன். என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நம் கடையில் துவரம்பருப்பு 50 கிலோவுக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு 1 ரூபாய் கழிவு உண்டு. பில் போடும் கணிப்பொறியிலும் அப்படியே ஏற்பாடு செய்திருந்தோம். இருபது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "முதலாளி, நீங்க வாயால சொன்னது ஒண்ணு, பில்லு ஒண்ணா இருக்கு. கேட்டா மனஸ்தாபம்னு விட்டுட்டேன்" என்றார். வாரம் தவறாமல் 50 கிலோ மூட்டை ஒன்று எடுத்தவர். ஆறு மாதமாகக் கழிவு ஏறவே இல்லை! பில் எழுதும் பையனைக் கேட்டால், "கம்ப்யூட்டர் சரியாத்தான் போடுது" என்கிறான். பேரேட்டில் தப்பு என்றால் விரல் வைத்துக் காட்டலாம். பெட்டிக்குள் நடக்கும் கணக்கை யார் பார்ப்பது?

வழி காட்டியவள் பள்ளியில் படிக்கும் என் பேத்தி. தமிழிலேயே கட்டளை எழுதக்கூடிய "எழில்" என்ற கணிப்பொறி மொழி இருக்கிறது என்றாள். முத்து அண்ணாமலை என்ற பொறியாளர் 2007-ஆம் ஆண்டின் இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கி, 2009-இல் வெளியுலகுக்கு அறிவித்தார். தமிழ் மாணவர்கள் தாய்மொழியிலேயே நிரல் எழுதப் பழக வேண்டும் என்பது நோக்கம். காசு கிடையாது.

எழில், பைத்தான் என்ற மொழியின் மேல் நின்று ஓடுவது. ஆகவே முதலில் பைத்தானை இறக்கி நிறுவ வேண்டும். அதுவும் இலவசமே. நிறுவும்போது முதல் திரையின் அடியில், பைத்தானைப் "பாத்"தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் போட மறக்கக் கூடாது. பிறகு கட்டளைத் திரையைத் திறந்து "பிப் இன்ஸ்டால் எழில்" என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் எழில் வந்து சேரும். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை வசதியாக இருக்கும்.

முதல் பாடம் ஒரே வரிதான்:

பதிப்பி "வணக்கம்"

திரையில் வணக்கம் என்று வரும். மேற்கோள் குறி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் ஓடாது. அடுத்து நம் கடைக் கணக்கை எழுதினோம்:

எடை = 50
@( எடை > 50 ) ஆனால்
பதிப்பி "கழிவு", எடை * 1
இல்லை
பதிப்பி "கழிவு இல்லை"
முடி

எடையை 51 என்று மாற்றினால் கழிவு வந்தது. 49-க்கு இல்லை. சரியான 50-க்கும் இல்லை! "தாத்தா, 50-க்கு மேலன்னு நீங்கதானே சொன்னீங்க? 50, 50-க்கு மேல இல்லையே" என்றாள் பேத்தி. பின்பு > குறியை அடுத்து = குறியைச் சேர்த்து, >= என்று மாற்றினாள். 50-க்கும் கழிவு வந்துவிட்டது.

குற்றம் பெட்டியில் இல்லை, என் வாயில். கடைத்தெருவில் "50-க்கு மேல்" என்றால் 50-ம் சேர்த்தி என்பது நமக்குள் தெரியும். கணிப்பொறிக்கு அந்த உறவு கிடையாது. சட்டத்துக்கும் கிடையாது. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து விவரம் அச்சிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்ததே, நினைவிருக்கும். 25 கிலோ மூட்டைக்கு வரி உண்டு, 26 கிலோவுக்கு இல்லை. அதனால்தான் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் முளைத்தன. "வரை", "மேல்" என்ற சொற்களுக்கு அவ்வளவு விலை!

பில் மென்பொருள்காரரிடம் "50 கிலோவும் அதற்கு மேலும்" என்று திருத்திச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். 26 வாரத்துக்கு 1,300 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வழக்கம்போல் அவருடைய வண்டி வந்து நின்றது.

எழிலை வைத்துக் கடை முழுவதும் பில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது கற்பதற்கான மொழி. ஆனால் நம் கழிவு, வட்டி, வண்டிக்கூலி விதிகளை ஒரு முறையாவது அதில் எழுதிப் பாருங்கள். எல்லைக்கு ஒன்று குறைவு, சரியான எல்லை, ஒன்று கூடுதல் என மூன்று எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள். மனக்கணக்கில் புலிகளான நமக்கு இது பெரிய வித்தை அல்ல. கணக்கு சுத்தமாக இருந்தால்தான் நாணயம் நிலைக்கும்.