ஷாங்காய் மட்டிகளும் மஞ்சள் காமாலையும்

1988 ஜனவரியில் ஷாங்காய் மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்கவில்லை. பள்ளிக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் கட்டில் போட்டார்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை. காரணம், குளிர்காலத்தில் அந்நகரத்தார் விரும்பி உண்ணும் ரத்த மட்டி. ஓடு லேசாகத் திறக்கும்வரை கொதிநீரில் முக்கியெடுத்து, சிவப்பு மாறாத சதையை அப்படியே சாப்பிடுவார்கள். அந்த ஆண்டு வந்த மட்டிகள் சாக்கடை கலந்த கடலோரத்தில் எடுக்கப்பட்டவை. மட்டி தண்ணீரை வடிகட்டி இரை தேடும் உயிர். நீரில் சிதறிக்கிடந்த கிருமியையும் தன் உடலில் சேர்த்துக் குவித்துவிட்டது.

அந்தக் கிருமி ஹெபடைடிஸ் ஏ வைரஸ். 1973இல் ஸ்டீபன் ஃபைன்ஸ்டோன், ஆல்பர்ட் கபிகியன், ராபர்ட் பர்செல் ஆகிய மூவரும் தொற்றுக்கு ஆளானவர்களின் மலத்தில் இதை மின்னணு நுண்ணோக்கியால் முதன்முதலில் பார்த்தார்கள். குறுக்களவு 27 நானோமீட்டர்தான்.

வாய்வழியே நுழைந்து கல்லீரலில் பெருகும் இந்த வைரஸ், ரத்தத்தில் உலவும்போது நம் செல்லின் சவ்வையே போர்த்திக்கொள்கிறது. பித்தநீரோடு குடலுக்கு இறங்கும்போது, சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல, பித்த உப்புகள் அந்தப் போர்வையைக் கரைத்துவிடுகின்றன. மலத்தோடு வெளியேறும் வைரஸுக்குப் புரத ஓடு மட்டுமே மூடாக்கு. ஆனால் அமிலத்துக்கும் அசராத ஓடு அது. தண்ணீரில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

உடலுக்குள் போனபின் நோய் தலைகாட்ட சுமார் 4 வாரம் ஆகும். கண் மஞ்சளிப்பதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில்தான் மலத்தில் வைரஸ் மிக அதிகம். நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கும் நேரத்தில், பரவ வேண்டியது பெரும்பாலும் பரவி முடிந்திருக்கும். அதனால்தான் சமைப்பவர் அன்றாடம் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவ்வளவு முக்கியம். ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியை இந்த வைரஸிடம் நம்ப முடியாது. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் செத்துவிடும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வயதுக் கணக்கு. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் வந்ததே தெரியாது. வாழ்நாள் முழுவதற்குமான எதிர்ப்பு மட்டும் மிஞ்சும். பெரியவர்களைத்தான் அது காய்ச்சல், குமட்டல், காமாலை என்று படுக்கையில் தள்ளுகிறது. சுகாதாரம் ஓரளவு மேம்பட்ட ஊரில் பிள்ளைகள் தொற்றாமலே வளர்ந்துவிடுகிறார்கள். பிறகு என்றோ ஒருநாள் குடிநீர் கெட்டால் இளைஞர்கள் கூட்டமாக விழுகிறார்கள். ஷாங்காயில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 20இலிருந்து 40 வயதுக்குள் இருந்தவர்கள். கேரளத்தில் 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில் குடிநீர்வழியே பரவி இருநூறுக்கும் மேற்பட்டோரைச் சாய்த்ததும் இதே வைரஸ்தான். பாதி வந்த சுகாதாரம் போதாது. சாக்கடையையும் குடிநீரையும் முழுமையாகப் பிரித்தாக வேண்டும்.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஓய்வு, நீராகாரம், வயிறு ஏற்கும் சாப்பாடு போதும். அநேகமாக எல்லோருக்கும் சில வாரங்களில் தானாகத் தணியும், நாள்பட்ட நோயாக நிலைக்காது. தானாகத் தணிவதால்தான் எந்தக் கைமருந்து கொடுத்தாலும் பலித்ததாகத் தோன்றுகிறது. கீழாநெல்லி அரைத்துத் தரும் அம்மாவின் அக்கறையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடிகளை, ஏற்கெனவே புண்பட்ட கல்லீரலின் தலையில் ஏற்ற வேண்டாம். மதுவைத் தொடக் கூடாது. பாராசிட்டமாலையும் மருத்துவரைக் கேட்டே விழுங்க வேண்டும். நோயாளி பிதற்றினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாகக் கல்லீரல் செயலிழப்பதுண்டு. வயதானவர்களுக்கும் முன்பே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல்.

ஒரு வயது முடிந்ததும் தடுப்பூசி போடலாம். செயலிழக்கச் செய்த வைரஸில் தயாரான ஊசி என்றால், குறைந்தது 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்த பிறகும், மற்றவர்கள் 2 வாரத்துக்குள் போட்டுக்கொண்டால் பலன் உண்டு.