அம்மாவின் நூறு மார்க்

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த பின்னர்தான் அவருடைய பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வந்தது. பழைய சேலையொன்றின் கரை தடிப்பாக இருந்தது. தையலைப் பிரித்தேன். பொலித்தீனில் சுற்றிய இரண்டு தாள்கள். ஒன்று 100 ஜேர்மன் மார்க். மற்றையது 200 பிரெஞ்சு பிராங்.

1997இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது அண்ணாமார் இருவரும் ஆள் மூலம் அனுப்பியவை. "அந்தரம் ஆபத்துக்கு இருக்கட்டும்" என்று அம்மா ஒளித்து வைத்தார். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை அந்தச் சேலை எங்களோடு வந்தது. செட்டிகுளம் முகாமில் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லாதபோதும் அம்மா அதைத் தொடவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து வரும் என்று எண்ணியிருப்பார்.

மகளின் படிப்புச் செலவுக்கு உதவுமென்று கிளிநொச்சியில் ஒரு வங்கிக்குக் கொண்டுபோனேன். "இந்தக் காசு இப்ப புழக்கத்தில இல்லை அக்கா" என்றார்கள். வெளியே நின்ற ஒருவர், "வெறும் கடதாசிதானே, இரண்டுக்கும் ஆயிரம் ரூபா தாறன்" என்றார். கொடுக்கத்தான் நினைத்தேன். எதற்கும் கேட்டுப் பார்ப்போமென்று ஜேர்மனியிலுள்ள பெரியண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் குடுத்திடாதை. மார்க் இன்னும் செல்லும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். 2002 சனவரி 1ஆம் திகதி யூரோத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. மார்க், பிராங் எல்லாம் கடைகளில் நின்றுபோயின. ஆனால் மாற்றும் விகிதம் முன்னரே நிரந்தரமாகக் குறிக்கப்பட்டுவிட்டது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், 6.55957 பிராங். இது நாளுக்கு நாள் ஏறி இறங்குவதில்லை. ஜேர்மன் மத்திய வங்கி மார்க்கைக் காலவரையறையின்றி, கட்டணமின்றி மாற்றித் தருகிறது. பிரான்சோ 2012 பெப்ரவரி 17உடன் பிராங் தாள்களை மாற்றுவதை நிறுத்திவிட்டது.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த உறவினரிடம் மார்க் தாளைக் கொடுத்துவிட்டேன். 51 யூரோ 13 சதம் கிடைத்தது. "நான் கொஞ்சம் சேர்த்து அனுப்பட்டோ?" என்று அண்ணா கேட்டார். "வேண்டாம் அண்ணா, இது அம்மா தந்ததாகவே இருக்கட்டும்" என்றேன். மகளுக்கு உயர்தரப் புத்தகங்கள் வாங்கினேன்.

அந்த 200 பிராங் 30 யூரோவுக்குச் சற்றுக் கூடப் பெறுமதியானது. நாங்கள் முகாமில் இருந்தபோது அதற்கு உயிர் இருந்தது. மீளக்குடியமர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோதும் இருந்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இன்று அது அம்மாவின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் பெட்டிகளிலும் இப்படித் தாள்கள் இருக்கக்கூடும். எறியவும் வேண்டாம், அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். யூரோ வந்தபோது புழக்கத்திலிருந்த ஒஸ்ரியாவின் சில்லிங்கிற்கும் காலவரையறை இல்லை. நெதர்லாந்தின் கில்டர் தாள்களில் பெரும்பாலானவற்றை 2032 சனவரி 1வரை அந்நாட்டு மத்திய வங்கியில் மாற்றலாம். சுவிஸ் பிராங் யூரோவாக மாறவேயில்லை. 1976இலிருந்து வெளிவந்த தாள்களை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் ஏற்கிறது. பிராங் என்றால் எந்த நாட்டுப் பிராங் என்று முதலில் பாருங்கள்.

ஆபத்துக்கென்று வைத்த காசு ஆபத்து வரும்போது உதவவேண்டும். ஒளித்து வைத்ததை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.