வீட்டிலேயே மரவேலையா? ரம்பமும் ரவுட்டரும் வாங்கும் முன் படிங்க!

சுவர் அலமாரி, பூஜை மாடம், பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு மேசை. இதையெல்லாம் நாமே செய்து பார்க்கலாமே என்ற ஆசை பலருக்கும் உண்டு. மின் ரம்பங்களும் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால், வேலைக்குப் பொருந்தாத கருவியை வாங்கினால் பணம் வீண். சில நேரம் விரலுக்கே ஆபத்து.

எந்த வேலைக்கு எது?

ஜிக்சா: முதன்முதலில் வாங்குபவர்களுக்கு ஏற்றது. பிளைவுட், மெல்லிய பலகைகளில் வளைவாகவும் வெட்டலாம்.

வட்ட ரம்பம்: நீளமான, நேரான வெட்டுக்கு. 7 அங்குல பிளேடு உள்ளது வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

ரவுட்டர்: விளிம்பை உருட்டவும், பள்ளம் எடுக்கவும். புதிதாகப் பழகுபவர்களுக்கு 6 மி.மீ. பிட் பொருத்தும் சிறிய டிரிம்மர் போதுமே!

கிரைண்டரில் மர பிளேடு வேண்டாம்

'ஒரே மெஷின்ல எல்லாம் முடிச்சிடலாம்' என்று சிலர் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறார்கள். இது மிகவும் ஆபத்து. கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழலும். பல் மரத்தில் சிக்கினால் கருவி கையை மீறி எகிறிவிடும்.

பயன்படுத்தும்போது...

* பலகையைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.
* வட்ட ரம்பத்தின் பிளேடு, பலகைக்குக் கீழே சில மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றவே கூடாது.
* ரவுட்டரை, உங்கள் பக்கம் உள்ள விளிம்பில் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். திசை மாறினால் கருவி தானே இழுத்துக்கொண்டு ஓடும். ஒரே மூச்சில் ஆழமாக எடுக்காமல், 3 மி.மீ. அளவில் பலமுறை எடுங்கள்.
* பிளேடு, பிட் மாற்றும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.
* கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தளர்வான சட்டை, துப்பட்டா, கையுறை கூடாது. சுழலும் பிளேடில் சிக்கிக்கொள்ளும்.
* 1,200 வாட்ஸுக்கு மேற்பட்ட கருவிகளுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டே நல்லது. மின்கசிவுத் தடுப்பான் பொருத்திய இணைப்பில் மட்டும் பயன்படுத்துங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். விரல் துண்டாகிவிட்டால், சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உள்ளது.

பில் கேட்டு வாங்குங்க!

ஜி.எஸ்.டி. பில்லும் உத்தரவாத அட்டையும் பத்திரமாக இருக்கட்டும். கருவி பழுதாகி, கடைக்காரர் கண்டுகொள்ளாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.