பதக்கங்களை அறியாத பனிச்சரிவு

அந்தரத்தில் சுழன்று, தரையில் தடுமாறாமல் வந்து நிற்பதில் உலகையே வியக்கவைத்தவர் பெத் ட்வெடில். ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று உலகச் சாம்பியன் பட்டங்கள், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். அவர் 2016-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியின் ‘தி ஜம்ப்’ நிகழ்ச்சிக்காக ஆஸ்திரியாவில் பனிச்சறுக்குத் தாவல் பழகியபோது கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள்.

பிரபலங்களைப் பனிச்சரிவில் போட்டியிட வைத்த அந்த ரியாலிட்டி ஷோ 2014 முதல் 2017 வரை நடந்தது. நீச்சலில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ரெபெக்கா ஆட்லிங்டனுக்குத் தோள்மூட்டு விலகியது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிராட்லி விக்கின்ஸுக்குக் கால் முறிந்தது. நடிகர்களும் பாடகர்களும் விழுந்தால் வியப்பில்லை. உடலையே தொழிலாகப் பழக்கிய இந்த விளையாட்டு வீரர்கள் ஏன் விழுந்தார்கள்?

முதல் விடை சிறுமூளையில் இருக்கிறது. மூளையின் எடையில் அது பத்தில் ஒரு பங்குதான்; ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஒவ்வோர் அசைவின் விளைவையும் முன்கூட்டியே கணித்து உடலைத் திருத்துவது அதன் வேலை. அந்தக் கணிப்பு, பழகிய செயலுக்கே பொருந்தும். காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டியதும் உடலின் சமநிலைக் கணக்கு மாறிவிடுகிறது. பல்லாண்டுப் பயிற்சி தந்த விடை அங்கே தப்பாகிறது. கண்ணால் பார்த்துத் திருத்தவும் நேரமில்லை. கண்டதற்கு உடல் எதிர்வினை காட்ட ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதற்குள் கிட்டத்தட்ட 3 மீட்டர் கடந்துவிடுவார்.

எலும்பும் அப்படித்தான். சுமக்கும் பாரத்துக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் உயிர்த்திசு அது. டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றதைவிடத் தடிமனாக வளரும். நீரில் மிதப்பவருக்கும் சைக்கிளில் அமர்ந்திருப்பவருக்கும் தரையில் குதிக்கும் அதிர்ச்சி பழக்கமில்லை. அதனால் குதிக்கும் விளையாட்டுக்காரர்களைவிட அவர்களுடைய எலும்பின் அடர்த்தி பெரும்பாலும் குறைவு.

பனிச்சறுக்குத் தாவல் மேடையின் வடிவமைப்பு அற்புதமானதுதான். தாவுபவர் பறக்கும் பாதையை ஒட்டியே சரிவும் இறங்கும். அதனால் நெடுந்தூரம் பறந்தாலும் அவர் சரிவைச் சிறு கோணத்தில்தான் தொடுவார், அடி குறையும். அந்தப் பாதுகாப்பு, காற்றில் உடலை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். தேர்ந்த வீரர்கள் சிறு வயதிலேயே சின்னஞ்சிறு சரிவுகளில் தொடங்கி, படிப்படியாக ஆண்டுக்கணக்கில் அதைக் கற்கிறார்கள். தொலைக்காட்சி தந்த அவகாசமோ சில வாரங்கள். குறைந்த தூரம் தாவியவர் வெளியேற வேண்டும் என்ற போட்டி விதி, தயங்க வேண்டிய இடத்திலும் துணியச் சொன்னது.

புகழும் பதக்கமும் ஒருவரை எதற்கும் தயாராக்கிவிடும் என்ற நம்பிக்கைதான் இதிலுள்ள பெரிய அபத்தம். அந்த நம்பிக்கையை விற்றவர்கள் நிகழ்ச்சி தயாரிப்பாளர்கள். முதுகெலும்பைப் பணயம் வைத்தவர்கள் போட்டியாளர்கள். உயிராபத்துள்ள ஒரு விளையாட்டைத் திரையில் காட்ட விரும்பினால், அதைக் கற்க உடல் கேட்கும் காலத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதென்றால் அந்த நிகழ்ச்சியை எடுக்கவே கூடாது.